புத்தக அலமாரிக்கு 12 மி.மீ. பிளைவுட் போதுமா?

8 அக்டோபர் 2023 – வாசகர் கேள்வி

வாடகை வீடு, தாம்பரம் பக்கம். ஆறடி உயரம், மூன்றரை அடி அகலத்தில் நானே ஒரு புத்தக அலமாரி செய்யலாம் என்று இருக்கிறேன். கையில் ஒரு டிரில் மட்டும்தான் இருக்கிறது. பிளைவுட் கடையில் 12 மி.மீ. போதும் என்கிறார்கள். தெரிந்த ஆசாரி 18-க்குக் குறைந்தால் தொடமாட்டேன் என்கிறார். நல்ல கம்பெனிப் பலகையாக இருந்தால் 12 தாங்கும், ஆசாரி செலவை ஏற்றப் பார்க்கிறார் என்பது என் கணிப்பு. சரிதானா?

8 அக்டோபர், இரவு

ஆசாரி பக்கம்தான் நியாயம். ஆனால் அவர் சொல்கிற 18-ஐப் போட்டாலும் அந்த மூன்றரை அடி உங்களை விடாது. தடிமனைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். இரண்டு தாங்கலுக்கு நடுவில் எவ்வளவு தூரம் என்று யாரும் கேட்பதில்லை.

புத்தகத்தை நெருக்கி அடுக்கினால் ஓர் அடி நீளத்துக்கு 8 முதல் 10 கிலோ வரும். வீட்டு எடை மெஷினில் நிறுத்துப் பாருங்கள், நம்பமாட்டீர்கள். உங்கள் தட்டு ஒன்றில் முப்பது கிலோவுக்கு மேல் ஏறப்போகிறது. இப்படிச் சீராகப் பரவிய பாரத்தில் பலகை நடுவில் எவ்வளவு இறங்கும் என்பது தூரத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், தடிமனின் மூன்றாம் அடுக்கில் குறையும். அதாவது தூரத்தை இரட்டித்தால் தொய்வு 16 மடங்கு. 12 மி.மீ.யை 18 ஆக்கினால் தொய்வு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

பத்து அங்குல ஆழமான தட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றரை அடி, 12 மி.மீ. என்றால் நடுவில் சுமார் 2 சென்டிமீட்டர். அதே நீளம், 18 மி.மீ. என்றால் ஆறு ஏழு மில்லிமீட்டர். 18-ஐ வைத்துக்கொண்டு நீளத்தை இரண்டரை அடியாகக் குறைத்தால் 2 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதோடு முடியாது. பாரம் இருந்துகொண்டே இருந்தால் பலகை மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இன்னும் இறங்கும். ஒரு வருடத்தில் அலமாரி உங்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பிக்கும்.

ஆகவே 18 மி.மீ., இரண்டரை அடி. மூன்றரை அடிதான் வேண்டும் என்றால் நடுவில் ஒரு செங்குத்துப் பலகை.

9 அக்டோபர்

"எங்கள் தாத்தா அலமாரி மூன்றரை அடி, ஐம்பது வருடமாக வளையவில்லை, கணக்கெல்லாம் ஏட்டுச்சுரைக்காய்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தத் தட்டு எவ்வளவு தடிமன் என்று அவரே கடைசி வரியில் சொல்லிவிட்டார்: ஒரு அங்குலத் தேக்கு. தேக்கு பிளைவுட்டைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விறைப்பு. ஒரு அங்குலம் என்பது 25 மி.மீ. போட்டுப் பார்த்தால் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. தாத்தாவும் கணக்கும் ஒரே கட்சி. அதே தேக்கை 12 மி.மீ. ஆக இழைத்துப் போட்டிருந்தால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தொங்கியிருக்கும்.

பார்ட்டிகிள் போர்டு (மரச்சில்லைப் பசையில் அழுத்திச் செய்த பலகை) பற்றிக் கேட்டவருக்கு: பிளைவுட்டில் பாதி விறைப்புகூடக் கிடையாது. ஆன்லைனில் வரும் அலமாரிகள் ஏன் இரண்டு மழைக்காலத்தில் தொங்கிவிடுகின்றன என்பதற்கு அதுவே பதில்.

9 அக்டோபர், பிறகு

ஒன்று விட்டுப்போயிற்று. தட்டின் முன்விளிம்பில் ஒன்றரை அங்குல உயரம், முக்கால் அங்குலத் தடிமனில் ஒரு தேக்கு ரீப்பரை (ஒல்லியான மரச்சட்டம்) நிறுத்தி வைத்து ஒட்டுங்கள். தட்டின் விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஏறும், தொய்வு பாதிக்கும் கீழே. பிளைவுட்டின் அசிங்கமான அடுக்கு விளிம்பும் மறைந்துவிடும். ரீப்பரைப் படுக்க வைத்து ஒட்டினால் அழகு மட்டும்தான், பலம் இல்லை.

15 அக்டோபர்

கடைக்குப் போகிறேன், என்ன பார்க்க வேண்டும் என்று அலமாரி செய்பவர் கேட்டிருந்தார்.

பலகையின் முகத்தைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். 18 மி.மீ. பலகையின் விளிம்பில் அடுக்குகள் ஏறக்குறைய ஒரே தடிமனில் ஓட வேண்டும். நடுவில் கறுப்பாகப் பொந்து தெரிந்தால், ஓர் அடுக்கு இன்னொன்றின் மேல் ஏறி மடிந்திருந்தால் வேண்டாம். விரல் முட்டியால் பரப்பு முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். ஓர் இடத்தில் சத்தம் மாறி டொக்கென்று கேட்டால் உள்ளே இடைவெளி இருக்கிறது. அப்புறம் பலகையை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பாருங்கள். முறுக்கல் இருந்தால் தெரியும். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

ஐ.எஸ். 303 (இந்தியத் தர எண்) என்று அச்சிட்டிருந்தால் அது பொது உபயோகத்துக்கானது. அதில் எம்.ஆர். என்பது ஈரப்பதத்தைச் சமாளிக்கும், தண்ணீரை அல்ல. ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட். அதன் மாதிரித் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டு, அடுக்கு பிரிகிறதா என்று சோதிப்பார்கள். ஹாலில் நிற்கும் புத்தக அலமாரிக்கு 303 போதும். சமையலறை சிங்க்குக்கு அடியில் என்றால் 710-க்குப் போங்கள். "எல்லாமே வாட்டர்ப்ரூஃப்தான் சார்" என்று சொல்லும் கடையில் பில் போடும்போது தர எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பேச்சு உடனே மாறும்.

15 அக்டோபர், பிறகு

ஒரே ஷீட்டில் முடிக்கலாம். எட்டுக்கு நாலு அடி ஷீட்டை நீளவாக்கில் பத்து அங்குல அகலத்தில் நாலு பட்டையாக அறுக்கச் சொல்லுங்கள். கடையிலேயே மெஷினில் அறுத்துத் தருவார்கள், வீட்டில் கைரம்பத்தை வைத்துக்கொண்டு வீரம் காட்ட வேண்டாம். இரண்டு பட்டையிலிருந்து ஆறடிப் பக்கவாட்டு இரண்டு. மற்ற இரண்டு பட்டையிலிருந்து 30 அங்குலத் தட்டு ஆறு. மேல்மூடி, அடித்தட்டு, நடுவில் நாலு. மிச்சம் ஏறக்குறைய எட்டு அங்குல அகலத்தில் எட்டடி நீளப் பட்டை ஒன்று விழும். அதுதான் பின்பக்கத்துக் குறுக்குச் சட்டம். அது இல்லாவிட்டால் அலமாரி பக்கவாட்டில் ஆடும்.

ஆறு தட்டையும் ஒரே நீளத்தில் அறுக்க வேண்டும், அது முக்கியம். 30-க்கு அரை அங்குலம் குறைந்தாலும் பாதகமில்லை, ஆறும் ஒன்றுபோலக் குறைய வேண்டும். ஒரு தட்டு மட்டும் துளி நீண்டுவிட்டால் பக்கப் பலகை வயிறு தள்ளி நிற்கும்.

21 அக்டோபர்

மேலே 30 அங்குலம் என்று சொன்னது நாவல், கதை, கவிதைத் தொகுப்புகளுக்கு. சட்டப் புத்தகம், கலைக்களஞ்சியம், கெட்டி அட்டை போட்ட வழவழத் தாள் புத்தகங்கள் வைத்திருக்கும் வழக்கறிஞர் நண்பர் (அவர் தன் தொழிலைச் சொல்லியிருக்கிறார், கேஸ் போட்டுவிடக் கூடாது) 24 அங்குலத்துக்கு இறங்கட்டும்.

22 அக்டோபர்

தட்டைப் பக்கப் பலகையில் எப்படிப் பிடிப்பது?

கையில் டிரில் மட்டும் என்றால் வழி சுலபம். ஒவ்வொரு தட்டுக்கும் அடியில், பக்கப் பலகையின் உள்பக்கம், முக்கால் அங்குலச் சதுரச் சட்டம் ஒன்றைப் பசை தடவி ஸ்க்ரூ போட்டுவிடுங்கள். தட்டு அதன் மேல் உட்காரும். பாரம் சட்டத்தில் இறங்கும், ஸ்க்ரூவில் தொங்காது. பிறகு வெளிப்பக்கத்திலிருந்து தட்டின் விளிம்புக்குள் இரண்டு அங்குல ஸ்க்ரூ மூன்று. அதற்கு முன் 3 மி.மீ. பிட்டில் துளை போடாமல் ஏற்றாதீர்கள். பிளைவுட்டின் விளிம்பில் நேராக ஏற்றினால் அடுக்கு வாயைப் பிளக்கும். ஸ்க்ரூ முனையைச் சோப்பில் ஒரு தேய்ப்பு தேய்த்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு போகும்.

"ஆணி அடித்தால் என்ன?" அடிக்கலாம். வீடு மாற்றும்போது பிரிக்க முடியாது. வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஸ்க்ரூதான் தெய்வம்.

கழுந்து எடுத்துத் துளையில் பொருத்தத்தான் ஆசை என்றால் முதலில் ஒரு முக்காலி செய்து பழகுங்கள். பிளைவுட்டில் கழுந்து எடுப்பது வீண்வேலை.

22 அக்டோபர், இரவு

பசை என்றதும் பேச்சு வஜ்ஜிரத்துக்குப் போய்விட்டது. மாட்டுத்தோல், எலும்பைக் காய்ச்சி எடுத்த கட்டி. தண்ணீரில் ஊறவைத்து, சட்டியைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கி, சூடு ஆறுவதற்குள் தடவ வேண்டும். நாற்றம் தெரு முனைவரை வரும். 1959-இல் ஃபெவிகால் வந்த பிறகு பட்டறைகளில் அது மெல்ல மறைந்துவிட்டது. ஆனால் ஒன்று, வஜ்ஜிரத்தில் ஒட்டிய நாற்காலியைச் சூடும் ஈரமும் காட்டிப் பிரிக்க முடியும், பழுது பார்த்துத் திரும்ப ஒட்ட முடியும். வெள்ளைப் பசையில் ஒட்டியது லேசில் பிரியாது, பக்கத்து மரம்தான் பிய்யும். பழைய மரச்சாமான் கையில் கிடைத்தால் எந்தப் பசை என்று பார்க்காமல் சுத்தியலை எடுக்காதீர்கள்.

29 அக்டோபர்

ஆறடி அலமாரியைச் சும்மா சுவரோரமாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். குழந்தைகள் கீழ்த்தட்டில் கால் வைத்து ஏறும். முன்னால் சாயும். மேல் குறுக்குச் சட்டத்தின் வழியாகச் சுவரில் இரண்டு இடத்தில் பிடித்துவிடுங்கள். 8 மி.மீ. பிட், 8 மி.மீ. பிளாஸ்டிக் பிளக். சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டுமா என்றால், நான் சொல்லிவிட்டுத்தான் போடுவேன். காலி செய்யும்போது பட்டி வைத்து அடைத்துத் தந்துவிடலாம். குழந்தை மேல் அலமாரி விழுந்தால் எதை வைத்தும் அடைக்க முடியாது.

30 அக்டோபர்

8 மி.மீ. பிளக் என்று நேற்று எழுதியது செங்கல், கான்கிரீட் சுவருக்கு. புது அடுக்குமாடிகளில் எடை குறைந்த வெள்ளைக் கற்கள், ஏ.ஏ.சி. பிளாக், வைத்துக் கட்டுகிறார்கள். அதில் டிரில்லின் ஹேமரை (இடித்தபடி துளைக்கும் வசதி) ஓடவிட்டால் துளை பெரிதாகி பிளக் கையோடு வரும். ஹேமரை அணைத்துவிட்டுச் சாதாரணமாகத் துளையுங்கள், அதற்கென்று விற்கும் அகலமான பிளக்கைக் கேட்டு வாங்குங்கள். துளையிலிருந்து வரும் தூள் சொல்லிவிடும். சிவப்பு என்றால் செங்கல், சாம்பல் நிறத்தில் பிட் திணறினால் கான்கிரீட், வெள்ளையாகப் பொலபொலவென்று கொட்டினால் பிளாக்.

18 நவம்பர்

வடகிழக்குப் பருவம் வந்துவிட்டது, கூடவே "கதவு இறுகிவிட்டது, இழைத்துவிடலாமா" என்ற கேள்வியும்.

வேண்டாம். பொறுங்கள். மரம் ஈரத்தைக் குடித்து அகலவாக்கில் ஊதும். நீளவாக்கில் அசைவது இல்லை என்றே சொல்லலாம். பச்சை மரம் முழுக்கக் காயும்போது தேக்கு ஆரவாக்கில் (நடுவிலிருந்து பட்டை நோக்கி) சுமார் இரண்டரை சதவீதமும், வளையவாக்கில் (வளையங்களின் போக்கில்) ஐந்துக்குக் கொஞ்சம் மேலும் சுருங்கும். பல மரங்கள் இதைவிட அதிகம் ஆடும். அதனால்தான் தேக்குக்கு அவ்வளவு மதிப்பு. பளபளப்புக்காக இல்லை. கார்த்திகையில் கதவை இழைத்தால் பங்குனியில் இடுக்கு வழியாகப் பல்லி வரும். மழை விட்டுப் பத்துப் பதினைந்து நாள் காய்ந்த பிறகும் இடித்தால் அப்போது இழையுங்கள். அதுவரை இடிக்கிற விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து ஓட்டுங்கள்.

அப்படியே கதவின் மேல்விளிம்பு, கீழ்விளிம்பைத் தடவிப் பாருங்கள். முகம் இரண்டும் பெயிண்ட் அடித்திருப்பார்கள், கீழ்விளிம்பு வெறும் மரமாக இருக்கும். தண்ணீர் ஏறுவது அங்கிருந்துதான்.

19 நவம்பர்

கோயம்புத்தூர்க்காரர்: "எங்கள் ஊரில் இந்தப் பிரச்சினையே இல்லை."

உங்கள் ஊர்க் காற்றுக்குக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். ஆனால் அங்கே செய்த மேசையைச் சென்னைக்கு அனுப்பாதீர்கள், டிராயர் திறக்காது.

10 டிசம்பர்

மிக்ஜாம் புயல் வந்து போய்விட்டது. எங்களுக்கு முதல் மாடி, தப்பித்தோம். கீழ்வீட்டில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர், இரண்டு நாள் நின்றது. வடிந்த பிறகு அவர்கள் வீட்டுச் சாமான்களை நானும் கூட இருந்து வெளியே எடுத்ததால், கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) கதை முடிந்தது. ஒரு தடவை ஊதினால் காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. கையால் பிசைந்தால் உதிரும். தூக்கிப் போடுங்கள், வருத்தப்பட நேரம் இல்லை. கீல், கைப்பிடி, டிராயர் சேனலை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.ஆர். பிளைவுட் அலமாரிகளில் தண்ணீர் நின்ற உயரம் வரை அடுக்கு பிரிந்திருக்கும். மேல்பாதி நன்றாகவே இருக்கும். நன்கு காய்ந்த பிறகு கெட்ட உயரத்தை நேராக அறுத்துத் தள்ளிவிட்டு அடியில் இரும்பு ஸ்டாண்ட் கொடுத்தால் அலமாரி பிழைத்துக்கொள்ளும், குள்ளமாக.

தேக்கு, வேம்பு, வேங்கை என்று முழு மரத்தில் செய்தவற்றை முதலில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சாக்கடை கலந்த சேற்றை மேலேயே காயவிடக் கூடாது. பிறகு நிழலில், ஃபேன் காற்றில். வெயிலில் வைக்கவே வைக்காதீர்கள். மேல்முகம் சட்டென்று காய்ந்து உள்ளே ஈரமாக இருந்தால் பலகை வெடிக்கும், முறுக்கும். இறுகிய டிராயரை இழுத்துப் பிய்க்காதீர்கள், வாரக்கணக்கில் காத்திருந்தால் அதுவே விடும். கட்டிலின் சட்டங்களைப் பிரித்து, நடுநடுவே குச்சி வைத்து, காற்றுப் போகும்படி அடுக்குங்கள். கீழ்வீட்டு மாமி கட்டில் அப்படித்தான் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது.

இனிமேல் தரைத்தளத்தில் அலமாரி செய்பவர்கள் பக்கப் பலகை தரையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிரானைட் கடையில் கழிவுத் துண்டு சும்மா கிடைக்கும். காலுக்கு ஒன்று வைத்தால் தினமும் வீடு துடைக்கும் தண்ணீரிலிருந்தாவது தப்பும். வெள்ளத்துக்கு அது காணாது.

12 ஜனவரி 2024

ஞாயிற்றுக்கிழமை போகி. பழைய கதவு, ஜன்னல் சட்டம், தூளிக்கட்டை என்று எதையாவது எரிக்க எடுத்து வைத்திருந்தால் படம் அனுப்பிவிட்டு எரியுங்கள். பாதி எனக்குத் தேவைப்படும்.

கேலி இல்லை. இடித்த வீட்டு மரம் பல வருடம் காய்ந்தது, ஆடவேண்டிய ஆட்டமெல்லாம் ஆடி முடித்தது. செட்டிநாட்டு வீடுகளில் இருக்கும் பர்மாத் தேக்கு மாதிரிச் சரக்கு இன்று புதிதாக வாங்கக் கிடைக்காது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளை ஒரு சுற்று சுற்றினால் தூண், கதவு, உத்திரம் எல்லாம் கிடக்கும். பேரம் பேசத் தெம்பு வேண்டும், அவ்வளவுதான்.

நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்பவர்கள் ஆச்சா மரத்தைப் பழைய வீடுகளை இடிக்கும் இடங்களில்தான் தேடுவார்கள். புது மரத்தில் கடைந்தால் பிறகு வளையும், வெடிக்கும், சுருதி போய்விடும். 2022-இல் அந்த நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உத்திரமாகப் பல காலம் கிடந்த கட்டை கச்சேரிக்குப் போகிறது. உங்கள் வீட்டு ஜன்னல் சட்டம் ஒரு ஸ்டூலாகவாவது ஆகட்டுமே.

13 ஜனவரி

பழைய மரக்கடையில் கன அடிக் கணக்கு புரியவில்லை என்றவருக்கு: அகலம் அங்குலத்தில், தடிமன் அங்குலத்தில், நீளம் அடியில். மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுங்கள். நிலைச்சட்டம் ஒன்று ஐந்துக்கு மூன்று, ஏழடி என்றால் 105-ஐ 144-ஆல் வகுத்தால் முக்கால் கன அடிக்குச் சற்றுக் குறைவு. கால்குலேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். அளக்கும்போது உளுத்த முனையையும் வெளிற்றையும் (பட்டையை ஒட்டிய இளமரம்) கழித்து அளக்கச் சொல்லுங்கள். வைரத்துக்குத்தான் (நடுவில் முற்றிய மரம்) காசு.

வாங்கியதும் ஒரு காந்தத்தை மேலே ஓட்டுங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தம் போதும். உள்ளே தலை ஒடிந்து கிடக்கும் ஆணி ஒன்று இழைப்புளித் தகட்டின் வாயைக் காலி செய்துவிடும்.

பெயிண்ட் அடித்த பழைய மரத்தை உப்புத்தாளால் காய்ந்தபடி தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தையதில் என்ன இருக்கும் என்று யார் கண்டது. ரிமூவர் தடவிச் சுரண்டி எடுங்கள், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள். போகித் தீயில் போட்டால் அதே ஈயம் தெரு முழுக்கப் போகும்.

4 பிப்ரவரி

முதல் கேள்வி கேட்டவர் அலமாரியை முடித்துவிட்டார். படம் பார்த்தேன். 18 மி.மீ., இரண்டரை அடி, முன்னால் ரீப்பர். தட்டு வளைகிறதா என்று எப்படிப் பார்ப்பது என்கிறார். நூல் பிடியுங்கள். தட்டின் அடிப்பக்கம், முன்விளிம்பை ஒட்டி, இரண்டு முனையிலும் குண்டூசி குத்தி, தையல் நூலை விறைப்பாகக் கட்டுங்கள். பலகை தொய்ந்திருந்தால் நடுவில் நூலை முட்டித் தள்ளும். அப்படி இருந்தால் முனைகளில் நூலுக்கு அடியில் ஒரே அளவு அட்டைத் துண்டு வைத்துத் தூக்கிக்கொண்டு, நடுவில் மிச்சமிருக்கும் இடைவெளியை அளந்து அட்டையின் தடிமனிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள், அதுதான் தொய்வு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். தினமும் பிடித்தால் வீட்டில் வேறுமாதிரிப் பார்ப்பார்கள்.

ஆசாரியிடம் காட்டினாரா என்று கேட்டேன். காட்டினாராம். "பட்டி சரியா வைக்கல தம்பி" என்றாராம். அதற்கு மேல் பாராட்டு எந்த ஆசாரியிடமும் எதிர்பார்க்காதீர்கள்.

11 பிப்ரவரி

ரப்பர் மரக் கட்டிலுக்கு அடியில் வெள்ளை மாவு கொட்டுகிறது, கரையானா?

இல்லை. கரையான் வந்தால் மண்ணால் பாதை கட்டியிருக்கும். மைதா மாதிரி நைசாக மாவு, மேலே குண்டூசித்தலை அளவில் வட்டத் துளைகள் என்றால் உளு. வெளிற்றில் இருக்கும் மாவுச்சத்துதான் அதற்குச் சாப்பாடு. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். அதனால்தான் அறுத்தவுடன் போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலை ஏற்றிப் பதப்படுத்துகிறார்கள். பால் வற்றி 25, 30 வருடத்தில் வெட்டும் மரம், கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் நிறைய. ஒழுங்காகப் பதப்படுத்தியது நல்ல சரக்கு, நான் விரும்பி வேலை செய்கிற மரம். பதப்படுத்தாமல் நிறம் மட்டும் பூசி விற்பதுதான் இப்படி மாவு கொட்டும்.

துளைகளில் ஊசி போட்டு மருந்து ஏற்றலாம். பிறகு நான்கு பக்கமும் பாலிஷ், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்திலும். வண்டு முட்டையிடுவது பூச்சில்லாத மரத்தின் நுண்துளைகளில்தான்.

அமாவாசையில் வெட்டிய மூங்கில் உளுக்காது என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். அமாவாசை பற்றி வாதம் செய்யவில்லை. ஆனால் வெட்டிய மூங்கிலைக் குளத்தில் ஊறப்போடும் பழக்கத்தில் விஷயம் இருக்கிறது, மாவுச்சத்து தண்ணீரில் கரைந்து போகும்.

25 பிப்ரவரி

இழைப்புளி வாங்கினேன், மரத்தைப் பிய்க்கிறது, திருப்பிக் கொடுக்கலாமா என்கிறார் ஒருவர். தகடு பெட்டியில் வந்தபடியே இருக்கிறதா? அப்படியென்றால் அது இன்னும் இழைப்புளி ஆகவில்லை.

கண்ணாடிக் கடையில் 8 மி.மீ. கண்ணாடித் துண்டு ஒன்று. அதன் மேல் தண்ணீர் தெளித்து வாட்டர் பேப்பரை ஒட்டவையுங்கள். 220, 400, 800, 1500 என்று ஏறுங்கள். முதலில் தகட்டின் முதுகு, வாய்ப்பக்கம் ஒரு விரற்கடை அகலத்துக்குச் சமமாகும்வரை. பிறகு சாய்வு முகம், 25 பாகை. தேய்க்கத் தேய்க்க முதுகுப்பக்க விளிம்பில் ஒரு பிசிறு எழும்பும். கண்ணுக்குத் தெரியாது, கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பு நோக்கி வெளியே வழித்தால் மாட்டும். விளிம்பு முழுக்க மாட்டினால்தான் அந்தத் தாளின் வேலை முடிந்தது, இல்லாவிட்டால் அடுத்த தாளுக்குப் போகாதீர்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இழுத்துப் பிசிறை எடுத்துவிடுங்கள். முன்கை முடியைச் சிரைத்தால் சரி.

பிறகு மரத்தின் ரேகையைப் பாருங்கள். பக்கவாட்டில் ரேகை எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கமாக இழையுங்கள். எதிர் ரேகையில் ஓட்டினால் எவ்வளவு கூர்மையான தகடும் பெயர்க்கத்தான் செய்யும். சரியாக வந்தால் சத்தமே மாறிவிடும். கரகரப்பு போய் "ஸ்ஸ்" என்று ஒரே நீளமாக, தகட்டின் அகலத்துக்குச் சுருள் வரும். எங்கள் பால்கனியில் ஞாயிறு காலை அதற்குத்தான் அனுமதி. கொட்டாப்புளி (மரச்சுத்தியல்) சத்தத்துக்குக் கீழ்வீட்டு மாமி தடை போட்டிருக்கிறார்.

3 மார்ச்

டைல்ஸ் அறுக்கும் நாலு அங்குல மெஷினில் பல் வைத்த மர பிளேடைப் போட்டு ஒரு கையால் பிடித்துக்கொண்டு அறுக்கும் வீடியோ ஒன்றைப் பகிர்ந்திருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். இந்த மாதிரிச் சின்ன மெஷின்கள் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் ஓடும். மரம் பிளேடை நடுவில் கவ்விக்கொண்டால் மெஷின் நம் பக்கம் துள்ளும், கையை எடுக்க அவகாசம் இருக்காது. எங்கள் தெரு ஆசாரி அண்ணனுக்கு இடது சுட்டுவிரல் பாதிதான். அதைக் காட்டித்தான் எனக்குப் பாடம் எடுத்தார். நேராக அறுக்கக் கடை மெஷின், வளைவுக்கு ஜிக்சா. சுழலும் மெஷினில் கையுறை போடாதீர்கள், துணி சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும். லுங்கி, துப்பட்டாவும் அப்படியே.

மரத்தூளைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. என்-95 கொரோனா காலத்தில் வாங்கியது எல்லார் வீட்டிலும் மிச்சம் கிடக்கிறது. எடுத்து மாட்டுங்கள்.

17 மார்ச்

பாலிஷ் பற்றிச் சுருக்கமாக. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப் பந்தால் தேய்க்கும் பழைய பாலிஷ்தான் எனக்குப் பிடிக்கும். தப்பினாலும் அதன் மேலேயே திருத்தலாம், பழுது பார்க்கலாம். ஆனால் சூடான காபி டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். சாப்பாட்டு மேசைக்குப் பி.யு. (பாலியூரிதேன்) பூச்சு போடுங்கள். அலமாரிக்கு அரக்கு.

ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள் கவனம். பூசிய துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு கிளப்பும், சுருட்டிக் கிடந்தால் சூடு வெளியேறாமல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப் போடுங்கள், அல்லது வாளித் தண்ணீரில் முக்கி வையுங்கள். கோடையில் மரத்தூள் கூடைக்குள் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்களை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

31 மார்ச்

கிளாம்ப் இரவல் கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லாரும் தாம்பரம் பக்கம் என்பதால் தருகிறேன். பசை போட்டால் பிடியை இறுக்கிய பின் பிதுங்கி வருவதை ஈரத்துணியால் உடனே துடையுங்கள், காய்ந்த பிறகு உளியால் சுரண்டி பலகையைக் கெடுக்காதீர்கள். ஒருநாள் முழுக்க அப்படியே விடுங்கள். கிளாம்ப் வாய்க்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு சில்லுத் துண்டு வையுங்கள், வடு விழாது. வழக்கறிஞர் சார் முதலில் எடுத்துப் போகலாம், அவர்தான் 24 அங்குலத்தில் எட்டுத் தட்டு அறுத்து வைத்திருக்கிறார். மற்ற இருவரும் அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.